வலது முன்சக்கரம்

2022 ஜூன் 18, சனிக்கிழமை காலை, பொள்ளாச்சி உடுமலை சாலையில் ஒரு நர்சரிப் பள்ளியின் மினி வேன் குழந்தைகள் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

ஓட்டியது மெக்கானிக் சென்னியப்பன். பின்னிருக்கையில் பள்ளியை நடத்தும் குணவதி. சென்னியப்பனுக்குப் பக்கத்தில் அவர்.

அந்த வேனின் டிரைவர்.

வேன் உறுமுகிறதாம். தெருமுனையில் திரும்பும்போதே சமையலறைவரை கேட்கிறதாம். பிள்ளைகளின் தாய்மார்கள் போன் செய்து சொல்லிவிட்டார்கள்.

அவருக்கு எதுவும் கேட்கவில்லை.

வேன் சத்தம் மட்டுமல்ல. மே மாதம் தொடங்கும்போது வலது காது அடைத்துக்கொண்டது. பள்ளி திறப்பதற்குள் இடதும் போனது. முகத்துக்கு நேராகப் பேசினால் உதட்டைப் பார்த்துச் சமாளித்துவிடுவார். தெரிந்தால் அன்றைக்கே சாவியை வாங்கிக்கொள்வார்கள். இந்த வயதில் இன்னொருவர் ஸ்டீயரிங்கைத் தரமாட்டார்.

காது கேட்காதவன் வேனில் யார் பிள்ளையை ஏற்றுவார்கள்? தன் பேத்தி என்றால் அவரே ஏற்றமாட்டார்.

குணவதி பின்னாலிருந்து தோளைத் தட்டினாள். அவர் முழுதாகத் திரும்பி அவள் வாயைப் பார்த்தார்.

"ஊருக்கே கேக்குது. தெனமும் ஓட்டற உங்களுக்குக் கேக்கலீங்களா?"

"கேக்காம என்னங்க டீச்சர். டயர் சத்தம்னு நெனச்சுட்டேன்."

சென்னியப்பன் சிரித்துக்கொண்டே அவர் பக்கம் முகத்தைத் திருப்பினான்.

"சரி, இப்பச் சொல்லுங்ண்ணா. எந்தச் சக்கரம்?"

அவர் செருப்பைக் கழற்றினார். வெறுங்காலைத் தரையில் பதித்தார்.

சாலை காலியாக இருந்தது. சென்னியப்பன் வேகம் கூட்டி, வேனை இடதுபக்கம் லேசாக ஒடித்தான். பிறகு வலதுபக்கம். மறுபடி இடது.

இடதுபக்கம் போகும்போது பாதத்தில் வேனின் நடுக்கம் தடித்தது. வலதில் மெலிந்தது.

இடதுபக்கம் ஒடித்தால் பாரம் வலது சக்கரத்தில் இறங்கும். அதைச் சொல்லக் காது வேண்டாம்.

"வலதுங்க. முன்னாடி. பேரிங் போயிருச்சு."

சென்னியப்பன் ஸ்டீயரிங்கில் ஓங்கித் தட்டினான்.

"பாம்புக் காதுங்ண்ணா! டீச்சர், இவர எம்பட பட்டறைக்கு வுட்டுப்போட்டுப் போங்க. உங்க வேன நான் ஓட்டிக்கறேன்."

கண்ணாடியில் குணவதி சிரிப்பது தெரிந்தது. பள்ளி திறந்த பிறகு அன்றுதான் அவர் முதுகை இருக்கையில் சாய்த்தார்.

பட்டறையில் ஜாக்கி வைத்துத் தூக்கினார்கள். சென்னியப்பன் சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினான். ஆடியது. சக்கரத்தைக் கழற்றினான். பேரிங் மட்டும்தானா, சக்கரம் மாட்டும் ஹப்பும் தேய்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முன்சக்கரம் இழுக்கும் வண்டி அது. எஞ்சினை ஓட்டிக் கியர் போட்டால் ஹப் தானாகச் சுற்றும்.

"ஏறி உக்காருங்ண்ணா. செகண்டுல வெச்சுக்குங்க. நிறுத்துன்னதும் டக்குனு நிறுத்திப்போடுங்க. உங்கள நம்பித்தான் கைய வுடறேன்."

வேறு ஆளைக் கூப்பிடு என்று சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது.

பட்டறை வாசலில் குணவதி போனைக் காதில் வைத்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏறி உட்கார்ந்தார்.

ஸ்டீயரிங்கில் துடிப்பு வந்தது. எஞ்சின் ஓடுகிறது. கியர் போட்டார். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். குனிந்திருந்த சென்னியப்பனின் முதுகு மட்டும் தெரிந்தது. கறை படிந்த நீலச் சட்டை. வாய் தெரியவில்லை.

நிறுத்தச் சொல்லும்போது எப்படியும் நிமிர்வான். அப்போது நிறுத்திவிடலாம். கண்ணிமைக்காமல் முதுகையே பார்த்தார்.

முதுகு ஒருமுறை வெட்டி இழுத்தது.

எட்டாத இடத்தை எட்டிப் பார்க்கிறான் என்று நினைத்தார்.

மறுபடி இழுத்தது.

அவர் காத்திருந்தார்.

முன்கண்ணாடியில் ஒரு கை வந்து அறைந்தது. குணவதி. வாய் முழுதாகத் திறந்திருந்தது.

சாவியைத் திருப்பினார்.

சென்னியப்பன் கையிலிருந்த துணி, சுற்றிக்கொண்டிருந்த ஹப்பின் போல்ட்டில் சிக்கி, கையையும் சேர்த்து இழுத்திருந்தது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். குணவதி எதிரே வந்து நின்றாள். சேலை முந்தானையில் ரத்தம் காய்ந்திருந்தது. அவர் கண்ணை அவள் உதட்டுக்குக் கொண்டுபோனார்.

"அந்தக் கத்துக் கத்துனாரு. ஏன் நிறுத்தல?"

நேருக்கு நேர் கேட்டாள். ஒரு சொல்லும் தப்பவில்லை.

இரண்டு பதில்கள்தான் இருந்தன. ஒன்றைச் சொன்னால் இன்றோடு வேன் இல்லை.

"கேட்டுச்சுங்க டீச்சர்" என்றார். "பதட்டத்துல கால் மாறிருச்சு."

அவள் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கையைப் பிடித்து, வேறு திசையைப் பார்த்துக்கொண்டு ஏதோ சொன்னாள்.

அவர் தலையசைத்தார்.

சென்னியப்பனின் வலது கையில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். ஹப்பையும் பேரிங்கையும் வேறொரு பட்டறையில் மாற்றினார்கள். திங்கட்கிழமை காலை பள்ளி வேன் குழந்தைகளோடு கிளம்பியது.

அவர்தான் ஓட்டினார்.