தபால்காரரின் கால் ஆணி

"டோக்கன் பதினேழு. ஷூவைக் கழற்றிட்டுக் காலை ஸ்டூல் மேல வைங்க, சார்."

நர்ஸ் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. தபால்காரருக்கு அந்த ஒரு வரி கிடைத்ததே பெரிய விஷயம். காலையிலேயே அரக்கப் பரக்கத் தபால்களைக் கொடுத்து முடித்து, முகம் கழுவி, தலை சீவி, இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து உட்கார்ந்திருந்தார். கால் ஆணியைக் காட்ட வந்த மனிதருக்குத் தலையில் எதற்கு இத்தனை எண்ணெய் என்று பக்கத்து நாற்காலிக்காரருக்குச் சந்தேகம்.

"வணக்கம், சிஸ்டர்."

"சிஸ்டர்னு கூப்பிட வேண்டாம். நர்ஸம்மான்னா போதும்," என்றாள் அவள் வெடுக்கென்று.

பக்கத்து நாற்காலிக்காரர் பேக்கரி வைத்திருப்பவர். நாள் முழுக்க அடுப்பு முன்னால் நின்று குதிகாலெல்லாம் காய்ப்பு. அவருக்குச் சர்க்கரை இல்லை. அதனால் வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, நுரைக்கல்லால் பதமாகத் தேய்த்து, க்ரீம் தடவிக்கொண்டால் போதும், ஒரே நாளில் எல்லாவற்றையும் சுரண்டி எடுக்கிற ஆத்திரம் மட்டும் வேண்டாம் என்று அவள் சொல்லியிருந்தாள். கால் தொட்டியில் ஊறிக்கொண்டிருக்க, அவருடைய வாய் சும்மா இருக்கவில்லை. இது எப்படி வந்தது என்று தபால்காரரைக் கிளறினார்.

தபால்காரர் ஒளிக்காமல் சொன்னார். முன்பக்கம் குறுகலான ஷூ, சுண்டுவிரல் ஓரத்தில் ஆணி, உடம்பில் சர்க்கரை. ஒரு ஞாயிற்றுக்கிழமை குளியலறையைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, ஷேவிங் பிளேடால் தானே சீவி எடுத்திருக்கிறார். கால் மரத்துப் போயிருந்ததால் வலியே தெரியவில்லை. தரை சிவந்த பிறகுதான் ஆழமாக அறுத்துக்கொண்டது தெரிந்தது. புண் சீழ் வைத்து, விரலையே எடுக்க வேண்டி வருமோ என்கிற அளவுக்குப் போய்விட்டது. ஆறு வாரமாக, வாரம் ஒரு தடவை இங்கே வந்துதான் தப்பித்தார்.

"வீட்டுல யாரும் இல்லையா, தடுக்கறதுக்கு?"

"இருக்காங்க. பேசறதுதான் இல்லை."

பேக்கரிக்காரருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. "அதான் இங்க வந்து பேசிக்கறீங்களாக்கும்," என்று கண்ணைச் சிமிட்டினார். தபால்காரரின் காது மடல் சிவந்தது. ஆனால் இல்லை என்று சொல்லவில்லை. பொய் சொல்லத் தெரியாத மனிதர், பாவம்.

உண்மையும் அதுதான். அந்தக் கால்மணி நேரத்துக்காகவே அவர் வாரம் முழுக்க நடந்தார். ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டே வருவார். அது ஆறு வாரமாகத் தொண்டையைத் தாண்டவில்லை. இன்றைக்கும் சொல்லாவிட்டால் அப்புறம் எப்போது சொல்வது என்று பயந்தார். ஏனென்றால் அந்த வழியாக வந்த டாக்டர் காலைத் திருப்பிப் பார்த்து, புண் ஆறிவிட்டது, ஆணியும் போய்விட்டது, இனி வாராவாரம் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். சொன்னவர் ஏனோ சிரிப்பை அடக்கிக்கொண்டு போனார்.

நர்ஸ் விரல் இடுக்குகளை ஈரம் போகத் துடைத்தாள். பேச்சு கறாராக இருந்தாலும் கை அப்படி இல்லை. கண்ணாடிச் சாமானைத் துடைப்பதுபோல் பார்த்துப் பார்த்துத் துடைத்தாள்.

"மூணு மாசம் கழிச்சு வந்தா போதும், சார். முன்பக்கம் அகலமான ஷூ வாங்குங்க. கடையில விக்கற ஆணி பிளாஸ்திரி உங்களுக்கு ஆகாது, சதையையும் சேர்த்து அரிச்சிடும். கல்லால தேய்க்கறதும் வேண்டாம். ஏதாவது தடிச்சா இங்கதான் வரணும். தினம் ராத்திரி பாதத்தைப் பாருங்க. குனிய முடியலைன்னா வீட்டுல இருக்கறவங்களைப் பார்க்கச் சொல்லுங்க."

தபால்காரர் ஸ்டூலிலிருந்து காலை எடுக்கவில்லை.

"கேட்டா பார்ப்பாங்களா, நர்ஸம்மா?"

பஞ்சை எடுக்கப் போன கை அப்படியே நின்றது.

"கேட்டுப் பார்த்தாத்தானே தெரியும்."

"தப்பு முழுக்க என் மேலதான். வறட்டு கௌரவம், சொல்ல வாய் வரலை. இனிமே காலைப் பத்தி உங்க பேச்சை மீற மாட்டேன்."

பேக்கரிக்காரர் தொட்டித் தண்ணீரில் காலை ஆட்டுவதை நிறுத்தினார். பட்டப்பகலில், இத்தனை பேர் நடுவில், இந்த வயதில் இப்படி ஒரு பேச்சா என்று அவருக்கே கூச்சமாகிவிட்டது. அவள் இப்போது அறையப் போகிறாள் என்றே நினைத்தார்.

அவளோ சாக்ஸை உதறி, உள்ளே கல் மண் இருக்கிறதா என்று தடவிப் பார்த்துவிட்டு, தானே அவர் காலில் மாட்டினாள். கண் லேசாகக் கலங்கியிருந்தது. தபால்காரர் எழுந்து கதவுவரை போய்விட்டார்.

"எங்க கிளம்பிட்டீங்க? வெளியில பெஞ்சுல உட்காருங்க. இன்னும் அரைமணியில டூட்டி முடியுது, சேர்ந்தே வீட்டுக்குப் போகலாம்."

வாயைப் பிளந்த பேக்கரிக்காரரின் காலைத் தொட்டியிலிருந்து தூக்கித் துண்டால் சுற்றிக்கொண்டே நர்ஸ் சொன்னாள்: "அப்படிப் பார்க்காதீங்க, சார். இருபத்தாறு வருஷமா இவரைக் கட்டிக்கிட்டு மாரடிக்கறேன். ஊரார் காலையெல்லாம் பார்க்கறவளோட புருஷனே பிளேடை எடுத்தா எப்படி இருக்கும்? அன்னிக்கு வீட்டுல நிறுத்தின பேச்சு, இன்னிக்குத்தான் வருது."