அந்த ஊர்ப் பேச்சு

“மறுபடியும் படிப்பா? நீதான் டீச்சராச்சே!” என்றார் தையல்காரர்.

“ஒரே வருஷம்தான்பா, இங்கயே. தன்னார்வலரா அந்த நாட்டுக்குப் போய்ப் பாடம் நடத்தணும்னா, அவங்க பேச்சு தெரியணும்.”

“ஏன், நம்ம பேச்சு போதாதா?”

“நாம ‘தண்ணி’ன்னு சொல்றது அங்க வசவா இருந்துட்டா?”

அவர் சிரிக்கவில்லை. “உங்கம்மா போனப்புறம் நீ ஒருத்திதான். நீயும் போயிட்டா யார்கிட்ட பேசுறது? தையல் மெஷின்கிட்டயா?”

மகள் படிப்புக்கான விண்ணப்பத்தை அவர் பக்கம் நகர்த்தினாள். அவர் சரி என்றால்தான் அனுப்புவதாக இருந்தாள். அவரோ கண்களை இறுக மூடிக்கொண்டார்.

அதற்குமேல் அவரிடம் எதுவும் பேச முடியாது. பிறவியிலேயே காது கேளாதவர். இவ்வளவு நேரமும் இருவரும் கைகளால்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் கற்பிக்கப் போவதும் காது கேளாத பிள்ளைகளுக்குத்தான். சைகை மொழியும் நாட்டுக்கு நாடு வேறு.

மகள் அசையாமல் காத்திருந்தாள். பொறுக்க முடியாமல் அவர்தான் ஒற்றைக் கண்ணைத் திறந்தார்.

“அங்க ‘அப்பா’ன்னு எப்படிச் சொல்லுவாங்க?”

அவள் செய்து காட்டினாள். அவர் விரல்கள் ஒருமுறை தடுமாறின. மறுமுறை சரியாக வந்தது.

“போய்ப் படி,” என்றார். “சாயங்காலம் வந்து எனக்கும் சொல்லிக்கொடு.”