தாளக் கொலுசு

பொங்கல் விழாவில் என் பாட்டு வகுப்புக் குழந்தைகள் பானையைச் சுற்றி ஆடினார்கள். தாளக் கொலுசை மாட்டிவிட்டால் அதுவே காலை ஆட்டுவிக்கும்; பாட்டு முடியும்வரை எந்தக் காலும் தாளம் தப்பாது. அதை நிறுத்தும் பொத்தான் என் கையில்தான் இருந்தது.

இரண்டாவது சரணத்தில் நான்கு வயது நிறைமதி என்னைப் பார்த்து, "மிஸ், ஒண்ணுக்கு வருது," என்றாள்.

பெற்றோர் எல்லாரும் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். "இதோ முடிஞ்சிரும்டா," என்று சொல்லிவிட்டுப் பாட்டின் சத்தத்தைக் கூட்டினேன்.

"பொங்கலோ பொங்கல்!" என்று குழந்தைகள் குதித்தார்கள். நிறைமதி அழுதுகொண்டே குதித்தாள். பட்டுப்பாவாடை நனைந்து காலோடு ஒட்டியிருந்தது.

"ஒரு இடத்துலகூட தாளம் தப்பலையே மிஸ்!" என்றார் அவள் அம்மா, கைபேசியிலிருந்து கண்ணை எடுக்காமல். நானும் சிரித்துவைத்தேன்.

பாத்ரூமில் மண்டியிட்டு அவள் கொலுசைக் கழற்றினேன். என் தோளைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாள்.

"நில்லு நில்லுன்னு சொன்னேன் மிஸ். என் கால் கேக்கவே இல்ல. நீங்க சொல்லியிருந்தா கேட்டிருக்குமா?"

"கேட்டிருக்காதுடா கண்ணு," என்றேன்.