வெற்றிலைப் பையில் வந்த அளவு

"பரவால்ல தம்பி, நிக்கிறேன். சீலையெல்லாம் சேறு" என்று சொல்லி இராக்கம்மா நாற்காலியில் உட்கார மறுத்துவிட்டாள்.

பெயரை அவளாகத்தான் சொன்னாள். நான் கேட்கவில்லை. மடுல்சீமையில் தேயிலைக் கொழுந்து எடுப்பவள். விடியற்காலையில் தோட்டத்திலிருந்து ஆறு மைல் நடந்து, பஸ் பிடித்துப் பதுளைக்கு வந்திருக்கிறாள். அதை அவள் வாயால் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கணுக்காலில் காய்ந்துபோயிருந்த அட்டைக்கடி இரத்தமே போதும்.

எனக்குக் குமட்டியது.

சப்பாத்துக் கடையில் வேலை செய்கிறவனுக்குக் குமட்டக் கூடாது. இந்த டவுனில் மற்றக் கடைகளெல்லாம் மேலேயிருந்து கீழே பார்த்துத்தான் வியாபாரம் செய்யும். புடவைக் கடையில் தோட்டத்து ஆட்களுக்குப் படியில் வைத்தே துணியைக் காட்டி அனுப்பிவிடுவார்கள். அரிசிக் கூப்பன் கடை மனேஜர் கூப்பனைப் பார்ப்பார், முகத்தைப் பார்க்க மாட்டார். வாங்க வந்தவரின் காலடியில் குந்தியிருந்து விற்கிற பிறவிகள் நாங்கள் மட்டும்தான்.

அந்த மரியாதையை எல்லாருக்கும் அள்ளிக் கொடுத்துவிட முடியுமா? அவள் நின்றது எனக்கு நிம்மதியாகவே இருந்தது.

அடுத்த நாற்காலியில் றமீலா டீச்சர் இருந்தார். குதி உயர்ந்த சப்பாத்தில் இதுவரை நான்கு ஜோடி போட்டுப் பார்த்தாயிற்று. ஒன்றும் வாங்க மாட்டார், ஆனால் நன்றாகச் சிரிப்பார். அவரைச் சிரிக்க வைப்பதுதான் என் சனிக்கிழமை உத்தியோகம். எனக்குப் படிப்பு ஏறவில்லை, பகிடி ஏறியது. அதற்காகத்தான் முதலாளியும் என்னை வைத்திருந்தார்.

இராக்கம்மாவுக்கு வேண்டியது மகளுக்கு ஒரு ஜோடி வெள்ளைச் சப்பாத்து. பண்டாரவளையில் ஒரு போர்டிங் பள்ளிக்கூடத்தில் பிள்ளைக்கு இடம் கிடைத்திருக்கிறது. திங்கட்கிழமை சப்பாத்தோடு போய் நிற்காவிட்டால் அந்த இடம் வேறு பிள்ளைக்குப் போய்விடும். இதையே மூன்று தடவை சொன்னாள்.

"புள்ளையக் கூட்டிட்டு வந்திருக்கலாமே?" என்றேன்.

"எங்க தம்பி, நடந்து வரணுமே."

சொல்லிவிட்டு இடுப்பிலிருந்து வெற்றிலைப் பையை உருவினாள்.

தோட்டத்து ஆட்கள் பிள்ளைகளின் காலைக் கொண்டுவருவதில்லை, அளவைத்தான் கொண்டுவருவார்கள். குதிகாலிலிருந்து பெருவிரல் நுனி வரைக்கும் நறுக்கிய ஓர் ஈர்க்குக் குச்சி. அதை அளவுப் பலகையில் வைத்தால் நம்பர் தெரிந்துவிடும்.

இவள் இரண்டு குச்சி எடுத்தாள். சுண்ணாம்பும் புகையிலைத் தூளும் அப்பி, வெற்றிலைச் சாறு ஏறி, பிசுபிசுவென்று இருந்தன. செத்த பல்லியை வாங்குவது போல இரண்டு விரல் நுனியால் வாங்கினேன்.

"ஷுக்ரி, அந்தக் கையால வெள்ளச் சாமானத் தொட்டுராத!" என்று முதலாளி மேசையிலிருந்து சத்தம் போட்டார்.

பலகையில் வைத்துப் பார்த்தேன். ஒரு குச்சி மற்றதைவிட இரண்டு விரல் நீளம்.

எனக்குக் காரணம் தெரியும். வாரத்துக்கு ஒருத்தர் இப்படி வருவார். முதல் குச்சி சரியில்லையென்று இன்னொன்று நறுக்குவது, பிறகு எது சரியென்று மறந்துபோய் இரண்டையும் தூக்கிக்கொண்டு வருவது.

டீச்சர் இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார். இனி என் நாக்கு சும்மா கிடக்குமா?

"ஏம்மா, இது சாப்பாட்டுக்கு முன்ன அளந்த காலு, இது சாப்பிட்ட பெறகு அளந்த காலா?"

டீச்சர் சிரித்தார். முதலாளி சிரித்தார். இராக்கம்மாவும் சேர்ந்து சிரித்தாள். சிரிக்காவிட்டால் சாமான் தர மாட்டார்கள் என்று நினைத்திருக்கலாம்.

"அது வந்து தம்பி..." என்று ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

"நீ ஒண்ணும் பேசாத. டொக்டர் நான் இருக்கேன். ஒரே வெட்டு, ஒடனே சொகம்."

நீளக் குச்சியைச் சின்னதோடு சேர்த்துப் பிடித்து, மிஞ்சிய நுனியை நகத்தால் சட்டென்று ஒடித்தேன். துண்டு எங்கேயோ தெறித்தது. இரண்டு குச்சியையும் பலகையில் போட்டேன்.

"பாத்தியா? ரெண்டு காலும் ஒண்ணாப் போச்சு."

டீச்சருக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

இராக்கம்மா இப்போது சிரிக்கவில்லை. முழங்காலிட்டு நாற்காலிகளுக்கு அடியில் கையை விட்டுத் துழாவி, தெறித்த துண்டைக் கண்டெடுத்தாள். பலகையிலிருந்து ஒடிந்த குச்சியை எடுத்து, அதன் நுனியில் துண்டைப் பொருத்தி, விரலால் அழுத்திப் பிடித்தபடி என்னிடம் நீட்டினாள்.

"ஒடச்சது நல்ல காலு தம்பி. மத்ததுதான் சூம்புன காலு."

டீச்சர் தன் காலை மெல்ல உள்ளே இழுத்துக்கொண்டார்.

எனக்கு மறுபடியும் குமட்டியது. நான் பார்த்துக்கொண்டிருந்தது என் நகத்தை.

குச்சியையும் துண்டையும் உள்ளங்கையில் வாங்கினேன். பலகையில் இடைவெளி விடாமல் சேர்த்து வைத்தேன். சின்னப் பிள்ளைகளின் தட்டிலிருந்து பதின்மூன்றாம் நம்பர் பெட்டி ஒன்றையும் ஒன்பதாம் நம்பர் பெட்டி ஒன்றையும் இறக்கி, இரண்டு ஜோடியையும் பிரித்தேன்.

"டேய் ஷுக்ரி! மிச்ச ரெண்டையும் ஆருக்குடா விக்கிற?"

அதற்கு அருமையான ஒரு பகிடி வாய்வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

"நல்ல கால் வலதா, இடதாக்கா?"

"வலதுங்க."

பிறகு முதலாளிக்குக் கேட்காதபடி, குனிந்து என் காதோடு சொன்னாள்.

"அதுல மட்டும் ஒரு நம்பர் பெரிசாக் குடுங்க தம்பி. அது வளரும்."