பதினாலாம் எண் தோட்டத்தின் ஓட்டு

"செத்தாலும் கையைத் தூக்க மாட்டேன், ரோஸ்விதா. ஆளை விடு."

ஏவால்ட் இதைக் காலையிலிருந்து ஐந்தாவது முறையாகச் சொல்லிவிட்டு, சங்கக் கூடத்தின் கடைசி வரிசையில் பிளம்ஸ் கேக்கோடு உட்கார்ந்துகொண்டார். அவருடைய மனைவிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ரயில் பாதையோரத்து முப்பத்தொன்பது குத்தகைத் தோட்டங்களுக்கும் சேர்த்து ஒரு சங்கம். அதன் விதிப்புத்தகத்தில் பக்கத்துக்குப் பக்கம் 'தோட்டக்காரன்'தான். தோட்டக்காரி என்று ஒருத்தி இருப்பதே அதற்குத் தெரியாது. இருபத்திரண்டு வருஷமாக மண்ணில் முட்டி போட்டு முள்ளங்கி வளர்ப்பவள் ரோஸ்விதா. கடிதங்கள் வருவதோ, மண்வெட்டியை எந்தப் பக்கம் பிடிப்பது என்றே தெரியாத ஏவால்டின் பெயருக்கு.

இரு பாலரையும் குறிக்கும்படி சொற்களை மாற்ற வேண்டும் என்று தீர்மானம் எழுதியது ரோஸ்விதாதான். ஆனால் தோட்டத்துக்கு ஒரு ஓட்டு, அதுவும் குத்தகை யார் பேரில் இருக்கிறதோ அவருக்கு மட்டுமே. அதனால் பக்கத்துத் தோட்டத்து கிஸெலாவின் பெயரில்தான் அதைக் கொடுக்க முடிந்தது.

ஏவால்டுக்கு இந்தப் பேச்சே வேப்பங்காய். சொல்லை மாற்றினால் களை தானாகப் போய்விடுமா என்று வீட்டில் கேலி செய்தார். விதிப்புத்தகம் தலையணை மாதிரி ஆகிவிடும் என்றார். அத்தனை கோபத்திலும், அவருடைய சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டுத்தான் ரோஸ்விதா கூட்டத்துக்கு அழைத்து வந்தாள். முப்பது வருஷப் பாசம் அப்படி.

தலைவர் பெஹ்ன்கே தூக்கிய கைகளை எண்ணினார். ஆதரவு பத்தொன்பது, எதிர்ப்பும் பத்தொன்பது.

"பதினாலாம் எண் தோட்டம் இன்னும் ஓட்டுப் போடல," என்றார்.

கூடமே திரும்பி ஏவால்டைப் பார்த்தது. ரோஸ்விதா குனிந்து கணவரின் காதில், "எனக்காக ஒரே ஒரு தடவை, ஏவால்ட். இனிமே உன்கிட்ட எதுவும் கேக்க மாட்டேன்," என்றாள்.

"நீயா? கேக்காம இருப்பியா? நல்ல கதை," என்றார் அவர், கேக்கை மென்றபடி. "என்னால முடியாது."

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"அவரால எப்படிம்மா முடியும்?" பெஹ்ன்கே ஒரு தாளோடு அவளிடம் வந்தார். "குத்தகையை உங்க பேருக்கு மாத்தச் சொல்லி போன மாசமே எழுதிக் கொடுத்துட்டாரு. கமிட்டியும் சம்மதிச்சாச்சு. இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க. அப்புறம் ஓட்டு உங்களோடது."

ஏவால்ட் வாயிலிருந்ததை விழுங்கிவிட்டு, அவளைப் பார்க்காமலே பேனாவை நீட்டினார்.