பேசுபொருளுக்கு வெளியே

பின்வரிசையில் சன்னாசி எழுந்ததுமே மங்களத்துக்கு நெற்றிப்பொட்டு வலிக்க ஆரம்பித்தது. சில மாதங்களாகவே இந்த ஆளால் தொல்லை.

மலேசியாவின் ஈப்போவில் மாதம் ஒரு ஞாயிறு மாலை கூடும் சமய வரலாற்று வட்டத்துக்கு அவள்தான் தலைவி. சைவமா வைணவமா என்று போன வருஷம் ஆளுக்கு ஆள் நாற்காலியைத் தூக்கிவிட்டார்கள். இன்னொரு சண்டை வந்தால் மண்டபம் கிடையாது என்று மண்டபக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். பேசுபொருளை விட்டு விலகாதீர்கள், மரியாதையாகக் கேளுங்கள் என்று கிளிப்பிள்ளை மாதிரி சொல்லிச் சொல்லி அவளுக்குத் தொண்டை வறண்டுபோயிருந்தது.

பேச்சாளர் டாக்டர் ராமையா, சென்னையில் படித்துவிட்டு வந்தவர். சோழர் காலத்துக் கோயில்களில் யார் உள்ளே போகலாம், யார் வாசலோடு நிற்க வேண்டும் என்பதைத்தான் மாதாமாதம் தொடராகப் பேசிவந்தார். யார் என்ன கேட்டாலும் முகம் சுளிக்காமல் பதில் சொல்வார். சன்னாசி எழுந்தால் மட்டும் காகிதங்களை அடுக்க ஆரம்பித்துவிடுவார். பாவம், அவருக்கும் அலுத்துவிட்டது என்று மங்களம் நினைத்துக்கொண்டாள்.

சன்னாசி தோட்டத்தில் லோரி ஓட்டுகிறவர். காக்கிச் சட்டையோடு அப்படியே வந்து உட்காருவார்.

"அய்யா, வாசல்லயே நின்ன அடியாரு ஒருத்தரு கடைசியில உள்ள போனாருன்னீங்க. போனவரு, வெளிய நின்ன தன் ஆளுங்கள ஒரு தடவையாச்சும் திரும்பிப் பாத்தாரா?"

சபையில் யாரோ சிரித்தார்கள். ராமையா தண்ணீர் கிளாசைத் தேடினார்.

"கல்வெட்டுல இருக்குறத மட்டும் கேளுங்கண்ணே," என்றாள் மங்களம்.

சன்னாசி உட்காரவில்லை. பதில் சொல்லச் சொல்லுங்க லா, போயிடுறேன் என்றார். முன்வரிசையிலிருந்து ஒருவர் அதட்டினார். நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டதும் மங்களம் பதறிப் போய் சன்னாசியைக் கையோடு வெளியே அழைத்து வந்தாள்.

வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. அவரை அவமதிக்கும் எண்ணம் தனக்கில்லை, ஆனால் இந்த வட்டம் கலைந்தால் இதையெல்லாம் உட்கார்ந்து பேச ஈப்போவில் வேறு இடமில்லை, அடுத்த மாதம் வர வேண்டாம் என்று தன்மையாகத்தான் சொன்னாள். சன்னாசி கோபப்படவில்லை. தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார்.

உள்ளே ஒலிபெருக்கியில் ராமையாவின் குரல் மறுபடி கிளம்பியது. அதைச் சன்னாசி கொஞ்ச நேரம் நின்று கேட்டார்.

"இனிமே வரலைம்மா. வீட்டுக்குப் போனா வாசக் கேட்டத் தொறக்க மாட்டேங்குறான், அதான் இங்க வந்தேன்."

"யாருண்ணே?"

"என் தம்பிதாம்மா, உள்ள பேசுறான். ஆத்தா சாகக் கெடக்கு, நீங்களாவது அவன்கிட்ட சொல்லிடுங்க."