வலைக்குள் விழுந்தவை

குடியிருப்பின் வெளிச்சுவரைக் கொத்திப் பூசுவதற்காகச் சாரம் கட்டியிருந்தார்கள். உதிரும் காரை தெருவில் போகிறவர்கள் தலையில் விழாமலிருக்க ஒவ்வொரு மாடிக்கும் கீழே பச்சை வலை விரித்திருந்தது. மூன்றாம் மாடியில் தனியாக இருந்த சௌந்தரவல்லியின் கரண்டி ஒருநாள் கைதவறி அதில் விழுந்தது. சாயங்காலம் காரையை அள்ள வந்த இருதயராஜ் அதைத் துடைத்துப் பால்கனிக் கம்பி வழியே நீட்டினான். “உங்களுதாம்மா? சாப்ட்டீங்களா?” இரண்டாவது கேள்வியை அவளிடம் யாரும் கேட்டு வெகுகாலமாகியிருந்தது. மறுநாள் சீப்பு விழுந்தது. அப்புறம் கண்ணாடிக்கூடு, பால்பாத்திரத்தின் மூடி, இடதுகால் செருப்பு. ஒவ்வொரு தடவையும் அவன் கொண்டுவந்து கொடுத்தான், சாப்பிட்டாளா என்று கேட்டான். பூச்சு முடிந்த அன்று செருப்பை நீட்டியவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. “நாளைக்கு வலைய அவுத்துருவோம்மா. கீழ ஜனங்க நடப்பாங்க.” “தெரியும்ப்பா” என்றாள். காலையில் வலை இல்லாத வீடு கண்கூசும்படி வெளிச்சமாக இருந்தது. கீழே அவன் வலையைச் சுருட்டி வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தான். சௌந்தரவல்லி எவர்சில்வர் டம்ளரை எடுத்துக் கம்பிக்கு வெளியே கையை நீட்டினாள். விரல்கள் வலித்தன. அவள் கையை உள்ளே இழுக்கவில்லை. வண்டியின் இன்ஜின் உறுமியது. ஏறப்போன இருதயராஜ் ஒருமுறை நிமிர்ந்து பார்த்தான். பிறகு தெருவில் வந்தவர்களை எதிர்ப்பக்கமாகப் போகச் சொல்லிவிட்டு, கழற்றிவைத்த ஹெல்மெட்டைத் தலையில் மாட்டிக்கொண்டு, நேரே அவள் பால்கனிக்குக் கீழே வந்து நின்றான்.